அழகுக்கு விலை இல்லை, உழைப்புக்கு உண்டு

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (தாவரவியல்)

அழகு என்பது பணம் படைத்தோரின் தனிச்சொத்தா? மாடி வீட்டுக் கூடத்தில் கண்ணாடி அலமாரியும் அதற்குள் பீங்கான் பொம்மைகளும் இருந்தால் அதற்குக் கலையுணர்வு என்று பெயர். ஓட்டு வீட்டு நிலைப்படியில் உடைந்த வளையல்களைக் கோத்துத் தொங்கவிட்டால் அதற்கு வேலையற்ற வேலை என்று பெயர். பொருள் மாறும்போது பெயரும் மாறிவிடுகிறது. பார்க்கும் கண்ணில்தான் கோளாறே தவிர, தொங்கும் வளையலில் இல்லை என்பது என் துணிபு.

வீணாகும் பொருள்களைக் கொண்டு வீட்டை அழகுபடுத்தும் கைவேலையைப் பற்றி மூன்று கருத்துகளை ஆசிரியப் பெருமக்களின் முன்னும், சக மாணவ நண்பர்களின் முன்னும் வைக்க விரும்புகிறேன். முதலாவது, இது பொழுதுபோக்கு அன்று. நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த அறிவு. இரண்டாவது, கையில் கிடைத்ததையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. எதை எடுப்பது, எதை விடுவது என்பதற்குப் படிப்பு வேண்டும். மூன்றாவது, மலிவு என்ற சொல்லால் அந்தக் கைகளின் உழைப்பை மறைத்துவிடக் கூடாது.

நம் ஊரை எடுத்துக்கொள்வோம். போடிநாயக்கனூர் என்றதும் வெளியூர்க்காரர் ஏலக்காயைச் சொல்வார். 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏழாயிரம் ரூபாய் வரை போன சரக்கு அது. ஆனால் விடியும் முன்பே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து, கேரள எல்லைக்குள் இருக்கும் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களின் வீடுகளில் ஏலக்காய் மணப்பது பொங்கலுக்கும் தீபாவளிக்குந்தான். என் தாயாரும் அந்த ஜீப்பில் போகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே நூலகத்தில் இருந்து மட்டும் இதை எழுதவில்லை; எங்கள் தெருவில் இருந்தும் எழுதுகிறேன்.

அந்தத் தெருவில் எந்த வீடும் மொட்டையாக இல்லை. ஒரு வீட்டில் பழைய சேலையைக் கிழித்துப் பின்னிய கால்மிதி. அடுத்த வீட்டில் கொட்டாங்குச்சியைத் தேய்த்து மெருகேற்றிய விளக்குத் தாங்கி. இன்னொரு வீட்டில், ஆண்டு முடிந்த பிறகும் தூக்கியெறிய மனம் வராமல் சட்டம் போட்டு மாட்டிய சிவகாசி நாள்காட்டிப் படம். வாயிலில் வயர்க்கூடை பின்னி மிஞ்சிய துண்டுகளால் ஒரு தோரணம். இவற்றில் எதற்கும் யாரும் கடைக்குப் போய்ப் பணம் கொடுக்கவில்லை.

"ஒருவேளைக் கஞ்சிக்கே பாடுபடுகிறவர்களுக்கு அலங்காரம் எதற்கு? அந்த நேரத்தில் வேறு வேலை பார்க்கலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம் போலத் தோன்றும். ஆனால் கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றுதான் நம் முன்னோர் சொன்னார்கள். கந்தைதானே, எப்படியும் கிடக்கட்டும் என்று சொல்லவில்லை. அரிசி மாவில் கோலம் போடுகிறவள் அரிசி மிஞ்சிப் போய்ப் போடுகிறாளா? தஞ்சைப் பகுதியிலும் இராமநாதபுரம் பகுதியிலும் குளத்தோரம் விளையும் நெட்டியைச் சீவி, சாயம் ஏற்றி, மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளின் கழுத்தில் மாலையாகப் போடுகிறார்கள். தண்ணீரில் தானாக முளைத்த தக்கைச் செடி அது. மாட்டுக்கே மாலை வேண்டும் என்று நினைத்த மக்கள் தங்கள் சுவர் மட்டும் வெறுமையாக இருக்கட்டும் என்று விடுவார்களா? இந்த வீட்டில் மனிதர் வாழ்கிறார், அவருக்கும் கண் உண்டு, மனம் உண்டு என்று சொல்லும் அடையாளம்தான் அலங்காரம். அது வயிறு நிறைந்த பிறகு வரும் ஆடம்பரம் என்று கொண்டால், பலருடைய வாழ்வில் அது வரவே வராது.

இதில் அறிவு எங்கே இருக்கிறது என்று அறிவியல் மாணவர்கள் கேட்கலாம். எங்கள் பாட்டி காலத்துக் காகிதக் கூழை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய காகிதத்தைக் கிழித்து இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, ஊறிய வெந்தயம் ஒரு கைப்பிடி சேர்த்து ஆட்டுரலில் அரைப்பார்கள். அந்த விழுதைக் கவிழ்த்த சட்டியின் மேல் அப்பி வெயிலில் காயவைத்து எடுத்தால் கூடை தயார். ஓட்டை விழுந்த முறத்துக்கும் அதையே பூசுவார்கள். காகிதம் என்பது செல்லுலோஸ் நார். ஊறும்போது அந்த நார்கள் பிரிகின்றன. காயும்போது ஒன்றோடொன்று இறுகப் பிணைந்துகொள்கின்றன. வெந்தயத்தில் உள்ள காலக்டோமன்னன் என்ற பிசின் அந்தப் பிணைப்பை வலுவாக்குகிறது. வெந்தயத்தின் கசப்பால் பூச்சி அண்டாது என்றும் பாட்டி சொல்வார். காலக்டோமன்னன் என்ற பெயர் பாட்டிக்குத் தெரியாது. எவ்வளவு வெந்தயம், எத்தனை நாள் வெயில் என்பது தெரியும். எனக்குப் பெயர் தெரியும். கூடை செய்யத் தெரிவதற்குப் பாட்டியிடம்தான் போக வேண்டும்.

அடுத்து இலவம். ஏலத்தைப் போலவே இலவம் பஞ்சும் போடிக்குப் பெயர் வாங்கித் தந்த சரக்கு. கோடையில் காய்களை உடைத்துப் பஞ்சை எடுத்து மெத்தைக்கும் தலையணைக்கும் அனுப்புகிறார்கள். பருத்தியில் இழை விதையின் மேல் வளரும்; இலவத்தில் காயின் உட்சுவரிலிருந்து வளரும். இழையின் உள்ளே வெற்றிடம், வெளியே மெழுகுப் பூச்சு. ஆகையால் அது நனையாது, மிதக்கும். வழவழப்பாகவும் குட்டையாகவும் இருப்பதால் நூலாக நூற்பது கடினம். இரண்டாம் உலகப் போரின்போது கப்பற்படையினரின் உயிர்காப்பு உடைகளுக்குள் அடைக்கப்பட்டது இந்தப் பஞ்சுதான். 1942-இல் ஜாவா தீவு ஜப்பானியர் கைக்குப் போனதும் அமெரிக்காவுக்கு இலவம் பஞ்சு வரத்து நின்றுபோயிற்று. அப்போது அங்குள்ள பள்ளிச் சிறுவர்கள் வயல்வெளிகளில் நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் பஞ்சைச் சாக்குச் சாக்காகப் பொறுக்கிக் கொடுத்தார்கள். களை என்று பிடுங்கிப் போடும் செடி உயிர் காக்கப் பயன்பட்டது!

பஞ்சு போன பிறகு எஞ்சும் ஓடு அடுப்புக்குப் போகிறது. இலவு காத்த கிளி என்று கிளியைக் கேலி செய்கிறோம். நாமும் பஞ்சை மட்டும் பார்த்து ஓட்டை மறந்தவர்கள்தாமே? காய் முற்றிப் பிளந்தால் ஐந்து மடல்களாகப் பிரியும். படகு போன்ற அந்த மடல்கள் ஐந்தையும் அடியில் துளையிட்டுச் சணலால் கட்டினால் ஒரு பெரிய மரப்பூ. நடுவில் ஒரு கொட்டாங்குச்சி வில்லை வைத்தால் சுவரில் மாட்டலாம். செலவு சணலுக்கு மட்டும். மலைச்சரிவில் உதிரும் காய்களிலும் இதைச் செய்யலாம். ஆனால் காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி ஒரு சுள்ளியையும் தொடக் கூடாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நம் ஊருக்கு வெளியேயும் சான்றுகள் உண்டு. சண்டிகர் நகரில் நேக் சந்த் என்பவர் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்தார். புதிய நகரத்தைக் கட்டுவதற்காக இடித்துத் தள்ளிய ஊர்களின் ஓடு, பீங்கான், உடைந்த வளையல், கல் எல்லாவற்றையும் 1950-களின் பிற்பகுதியிலிருந்து வேலை நேரம் போக மிதிவண்டியில் சுமந்து போய், காட்டுப் பள்ளத்தில் யாருக்கும் தெரியாமல் ஓர் உலகத்தையே அமைத்தார். அரசு நிலத்தில் அனுமதியின்றிச் செய்த வேலை அது. கண்டுபிடித்த அதிகாரிகள் இடித்திருக்கலாம். 1976-இல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1984-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. அவர் 2015-இல் மறைந்தார். நாற்பது ஏக்கர்ப் பாறைத் தோட்டம் இன்றும் நிற்கிறது.

உண்ணிச்செடியின் கதை இன்னும் சுவையானது. பூ அழகாக இருக்கிறதென்று ஆங்கிலேயர் 1800-களின் தொடக்கத்தில் தோட்ட அலங்காரத்துக்குக் கொண்டுவந்த செடி அது. இன்று மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மற்றச் செடிகளை முளைக்க விடாமல் அடர்ந்து கிடக்கிறது. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதிப் பழங்குடியினர் அந்தத் தண்டுகளை வெட்டி, வேகவைத்து, வளைத்து, ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட யானைகளாகச் செய்தார்கள். 2021-இல் அந்த யானைகள் இலண்டன் நகரப் பூங்காக்களில் நின்றன. கர்நாடகத்து மாதேஸ்வரன் மலைச் சோளகர் அதே தண்டில் நாற்காலியும் மேசையும் செய்கிறார்கள். அலங்காரமாக வந்து களையான ஒன்றை மீண்டும் அலங்காரமாக்கிய கைகளுக்கு எந்தப் பட்டமும் தகும்.

இந்த வேலையின் பெயரைச் சொல்லிக்கொண்டு நடக்கும் ஒரு போலியையும் குறிப்பிட வேண்டும். பல கல்வி நிலையங்களில் 'கழிவிலிருந்து கலை' என்று போட்டி வைக்கிறார்கள். போட்டிக்கு முதல் நாள் மாலை எழுதுபொருள் கடையில் கூட்டம் அலைமோதும். புது தெர்மக்கோல் அட்டை, புது ஜிகினாத் தாள், புதுப் பசை, ஐஸ் குச்சி புதிதாக ஒரு கட்டு! குளிர்பானத்தைக் குடித்து முடித்தால்தான் புட்டி கிடைக்கும் என்பதற்காகவே வாங்கிக் குடிப்பவர்களும் உண்டு. இருநூறு ரூபாய் செலவழித்துச் செய்த அந்தக் 'கழிவுக் கலை' பரிசளிப்பு முடிந்த மறுநாள் உண்மையான கழிவாகிக் குப்பைத் தொட்டிக்குப் போகிறது. 2019 சனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் தொடங்கப்பட்டது. நம் பாட்டிமார் எந்த ஆணையும் வருவதற்கு முன்பே மஞ்சப்பையை மடித்து வைத்தவர்கள். அது கிழிந்த பிறகு கரித்துணியாகவும், அதுவும் நைந்த பிறகு விளக்குத் திரியாகவும் ஆனது. புதிதாக வாங்கிக் கழிவாக்குவதற்கும், கழிந்ததைக் கடைசி இழை வரை வாழவைப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

இப்போது என் கட்டுரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். சிக்கனத்தால் ஆபத்தும் வரலாம். ஏலத்தோட்டங்களில் இலைப்பேனுக்கும் தண்டு துளைப்பானுக்கும் அடிக்கடி மருந்து அடிக்கிறார்கள். மருந்து என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது; அது நஞ்சு. அந்த நஞ்சு வந்த டப்பாக்களோ பார்க்க அழகானவை. கெட்டியான பிளாஸ்டிக், இறுக்கமான மூடி, பளிச்சென்ற நிறம். தோட்டத்தில் கிடந்ததை எடுத்து வந்து கழுவி, வாயை வெட்டி, கோலப்பொடி வைக்கவும் பூச்செடி வைக்கவும் பயன்படுத்தும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா அப்படி ஒன்றை வெட்டிப் பூப்போட்டுத் திண்ணையில் வைத்திருந்தார். பேரப்பிள்ளை அதில் தண்ணீர் மொண்டு விளையாடிக்கொண்டிருந்தான்.

"பெரியம்மா, இது வெச டப்பா, பிள்ளை கையில குடுக்காதீங்க" என்றேன்.

"மூணு தடவ சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்ப்பா. வாடையே இல்ல, மோந்து பாரு" என்றார்.

வாடை இல்லாதது உண்மைதான். ஆனால் நஞ்சு பிளாஸ்டிக்கின் சுவருக்குள்ளேயே ஊறிவிடும். கழுவினால் முழுவதும் போகாது. டப்பாவின் மேல் ஒட்டிய தாளை அவருக்குக் காட்டினேன். ஒவ்வொரு பூச்சிக்கொல்லிப் புட்டியிலும் ஒரு சாய்சதுரம் அச்சிட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள் என்றால் கொடிய நஞ்சு. நீலம் என்றால் நடுத்தரம். பச்சை என்றால் குறைந்த நஞ்சு. பச்சை என்றால் நஞ்சே இல்லை என்று பொருளன்று. மண்டையோட்டுப் படம் சிவப்புக்கு மட்டுமே உண்டு. படம் இல்லையே என்று மற்றவற்றை நம்பிவிடக் கூடாது. காலிப் புட்டிகளை உடைத்து, குடியிருப்புகளுக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள் சொல்கின்றன. எழுத்துகள் பொடிப்பொடியாக இருந்தன, பாதி ஆங்கிலம். பெரியம்மா எழுத்தறியாதவர். நிறத்தைச் சொன்னதும் புரிந்துகொண்டார். "இத மொதல்லயே ஒருத்தரும் சொல்லலியேப்பா" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். அன்றே அந்த டப்பா திண்ணையை விட்டுப் போயிற்று. இப்போது அங்கே கொட்டாங்குச்சியில் ஒரு மணி பிளாண்ட் தொங்குகிறது.

சொல்லாதது யார் குற்றம் என்று நான் ஆராயப் போவதில்லை. இனிச் சொல்ல வேண்டியது யார் என்பது எனக்குத் தெரியும். படித்த நாம்தான். அதே போல உடைந்த குழல் விளக்கில் பாதரசம் உண்டு. அதை அலங்காரத்துக்கு எடுக்கக் கூடாது. பழைய வண்ணப்பூச்சு உரியும் தகரத்தில் ஈயம் இருக்கலாம். வீட்டு வண்ணங்களில் ஈயத்துக்கு வரம்பு விதித்த மத்திய அரசின் சட்டவிதி 2016-இல்தான் வந்தது. தெர்மக்கோலைச் சூடான கம்பியால் அறுக்கும் புகை மூச்சுக்கு ஆகாது. பாட்டி காலத்துக் கழிவு ஓலை, நார், துணி, மண், காகிதம். எதை எடுத்தாலும் தீங்கில்லை. இன்றைய கழிவு அப்படிப்பட்டதன்று. அதனால்தான் பாட்டியின் கைத்திறனோடு பேரப்பிள்ளையின் படிப்பும் சேர வேண்டும் என்கிறேன்.

கடைசியாக விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 'வீட்டிலிருந்தபடியே கைவேலை செய்து பெண்கள் சம்பாதிக்கலாம்' என்று மேடைகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு சேலைக் கால்மிதி பின்ன ஆறு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் அதற்கு அறுபது ரூபாய் கிடைத்தால் ஒரு மணி நேர உழைப்புக்குப் பத்து ரூபாய். "பழைய சேலைதானே, நாற்பதுக்குக் கொடு" என்று பேரம் பேசினால் ஏழு ரூபாய்கூடத் தேறாது. சேலை பழையதாக இருக்கலாம். ஆறு மணி நேரமும் புத்தம் புதியது. மலையில் காய் எடுத்து இறங்கி வந்து, உலை வைத்து, பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு எடுத்த நேரம் அது. தன் வீட்டுக்காக விரும்பிச் செய்தால் அதற்கு விலையே கிடையாது. அது அவள் மகிழ்ச்சி. பிறர் வாங்குவதற்காகச் செய்தால் கூலிக் கணக்குப் பார்த்துத்தான் விலை சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் குழப்பி, மகிழ்ச்சியைக் காட்டிக் கூலியைக் குறைப்பது நியாயமாகாது.

ஆகவே நம் கல்லூரிக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இவைதாம். வரும் ஆண்டு கல்லூரி விழாவில் கைவினைப் போட்டி நடந்தால், பத்து ரூபாய்க்கு மேல் எதையும் வாங்கக் கூடாது என்று விதி வைக்கலாம். ஒவ்வொரு பொருளின் அருகிலும் ஒரு சீட்டு இருக்க வேண்டும்: இது எங்கிருந்து வந்தது, எத்தனை மணி நேரம் ஆயிற்று, பயன் முடிந்தபின் எங்கே போகும் என்ற மூன்று வரி. நடுவர்களில் இருவராவது மாணவர்களின் தாய்மாராக இருக்கட்டும்; கோப்பையைக் கையில் கொடுக்க மட்டும் அழைக்காமல், தீர்ப்புச் சொல்ல அழைப்போம். நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாமில் ஒரு நாளை ஒதுக்கி, தோட்ட வேலைக்குப் போகும் தெருக்களில் வீடு வீடாகச் சென்று சாய்சதுரத்தின் நான்கு நிறங்களையும் விளக்குவோம். அதற்குப் பணம் தேவையில்லை. பழைய அட்டையில் நான்கு நிறம் பூசினால் போதும்.

பட்டம் வாங்கிய பிறகு தாயின் கைவேலையைக் குப்பை என்று ஒதுக்குகிற படிப்பு நமக்கு வேண்டாம். அவள் எடுத்து வைத்திருக்கும் நூறு பொருள்களில் நஞ்சான ஒன்றை அடையாளம் காட்டவும், மீதித் தொண்ணூற்றொன்பதையும் எப்படிச் செய்தாள் என்று உட்கார்ந்து கற்றுக்கொள்ளவும் தெரிந்த படிப்பே வேண்டும்.